ஓசை பிறக்கும் இடம்

தமிழ் இலக்கணத்தைப் புதிதாகக் கற்கப் புகும் மாணாக்கர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. எழுத்து இத்தனை, அதன் வடிவு இது என்று சொல்லி நிறுத்தினாற் போதாதா? அவ்வெழுத்து எவ்விடத்தில், எம்முயற்சியாற் பிறக்கின்றது என்று விரித்துரைப்பது எற்றுக்கு? தொல்காப்பியர் இதற்கெனவே பிறப்பியல் என ஓர் இயலை வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று, நெஞ்சு முதலிய இடங்களில் நின்று, நாவும் இதழும் அண்ணமும் பிறவும் தொழிற்படுதலால் வேறு வேறு எழுத்தொலியாதலை அங்கே காண்கின்றோம்.

இதற்குக் காரணம் எளிது. பிறப்பிடம் அறியாதவன் பிழையைத் திருத்த இயலாது. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் சிறுவனைப் பார்த்து, "சரியாகச் சொல்" என்று நூறு முறை அதட்டினும் பயனில்லை. நாவின் நுனி மேல்வளைந்து எங்கே வருடவேண்டும் என்பதை ஒருமுறை காட்டிவிட்டாற் போதும். பிழை தானே நீங்கும்.

இம்முறை எழுத்தொலிக்கு மட்டும் உரியதன்று. ஓசை எழுப்பும் எக்கருவியையும் பழுதுபார்ப்பவன் அறிந்தோ அறியாமலோ இதனையே கைக்கொள்கின்றான். அதற்குச் சான்றாக, கொழும்பு நகரின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் தூசு படிந்து கிடக்கும் ஒரு பெட்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். மின்கித்தாரின் மெல்லிய ஒலியை மண்டபம் நிறையப் பெருக்கித் தரும் வால்வுப் பெட்டியே அது. நம் பாடநூல்கள் அதனை விரியலாக்கி என்னும். இசைக்குழுவினர் 'அம்ப்' என்று சுருக்கி அழைப்பர். வயதேறியதும் அப்பெட்டி முரலத் தொடங்கும், சீறும், கறகறக்கும், சில வேளை ஓலமிடும். அதன் நோயை அறியும் நெறி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வால்வு வந்த வழி

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளெமிங் என்பார் இரண்டு முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி பொரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையொன்றைச் சேர்த்தார். அம்மூன்றாம் முனையே சிற்றொலியைப் பேரொலியாக்கும் வழியைத் திறந்தது. கொழும்பில் 1925 டிசெம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அந்நிலையம் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் வால்வினால் இயங்கியவை. அவற்றைத் திருத்தியவர்களிடமே பிற்காலத்துக் கித்தார்ப் பெட்டிகளும் சிகிச்சைக்குச் சென்றன.

1960களில் மேல்நாட்டு மின்கித்தார்க் குழுக்களின் இசைத்தட்டுகள் இளைஞர் நெஞ்சைக் கவர்ந்தன. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவும் அப்புதிய கருவியை ஏற்றுக்கொண்டது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழிலே பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் பெயர் பெற்ற பாடல்கள் எழுந்தன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பெயர்களை அறியாத தமிழ் வீடு அந்நாளில் அரிது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமண வீடுகளிலும் தேவாலயத் திருநாள்களிலும் கித்தார் முழங்கிய காலம் அது. மேல்நாட்டுப் பெட்டியை வாங்க இயன்றவர் வாங்கினர். இயலாதவர் வானொலி வால்வுகளைக் கொண்டு உள்ளூரிலேயே ஒன்றைச் செய்வித்தனர்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. பழுதான உறுப்புக்கு ஈடாகக் கையிற் கிடைத்த உறுப்பே பொருத்தப்பட்டது. 1977இன் பின்னர்ச் சந்தை திறந்தது. திரான்சிற்றர்ப் பெட்டிகள் வந்து குவிந்தன. வால்வுப் பெட்டிகள் மூலைக்குச் சென்றன. 1983 ஆடியில் எரிந்த தமிழ் வீடுகளோடு எத்தனையோ இசைக்கருவிகளும் எரிந்தன. ஆதலின், இன்று நம்மிடையே எஞ்சியுள்ள பெட்டிகள் சிலவே. அவற்றின் ஒலிக்கு இளைஞரிடையே மீண்டும் மதிப்புத் தோன்றியிருக்கின்றது. அவற்றை அறியாமையாற் கெடுத்துவிடலாகாது என்பதே நம் கவலை.

உறுப்பிலக்கணம்

பெட்டியைத் திறவாமலே அதன் உறுப்புகளை மனத்திற் கொள்ளுதல் நன்று. அது இரு பகுதியாக அமைந்தது. ஒன்று உணவளிக்கும் பகுதி. மற்றொன்று ஒலி பெருக்கும் பகுதி.

உணவளிக்கும் பகுதியில், நிலைமாற்றி என்னும் டிரான்ஸ்போமர் வீட்டு மின்னை 300 வோற்று, 400 வோற்று என உயர்த்துகின்றது. முன்னும் பின்னுமாக அலையும் அம்மின்னைச் சீராக்கி ஒருபுறமாகத் திருப்புகின்றது. திருப்பிய மின் இன்னும் அலை அலையாகவே இருக்கும். அவ்வலையை அடக்கி அமைதியான நீரோட்டம்போல் ஆக்குவன பெரிய கொள்ளளவிகள். கடைத்தெருவில் அவற்றைக் கண்டென்சர் என்பர்.

ஒலி பெருக்கும் பகுதி படிப்படியாக ஏறுவது. கித்தாரின் கம்பி அதிரும்போது எழும் மின்சைகை, ஒரு வோற்றில் பத்திலொரு பங்கு அளவினது. மெல்ல மீட்டினால் அதனினும் சிறியது. முதற்படியில் நிற்கும் சிறு வால்வு, பெரும்பாலும் ஈ.சி.சி. 83 என்னும் இனத்தது, அதனை ஏறத்தாழ ஐம்பது மடங்காக்கும். பின்னர் ஒலியளவுத் திருகும் சுரத்திருகுகளும் உள. அவற்றைக் கடந்தபின் மேலும் ஒரு பெருக்கம், அதன்பின் ஈ.எல். 84, ஈ.எல். 34, 6எல்6 போன்ற வலிய வால்வுகள். இறுதியில் வெளியீட்டு நிலைமாற்றியும் ஒலிபெருக்கிக் கூம்பும். வொக்ஸ் ஏ.சி. 30 என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பெட்டியில் ஈ.எல். 84 வால்வுகள் நான்கு நின்று தொழிற்படுகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். முதற்படியில் நுழையும் சிறு பிழை, பின்வரும் படிகள் அனைத்தாலும் பெருக்கப்படும். இறுதிப்படியில் நுழையும் பிழையோ அங்ஙனம் பெருகாது. ஆகவே, காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும் இரு முரலொலிகளுள், முதற்படியிற் பிறந்தது மிகச் சிறிய குறையினால் வந்ததாகவும், இறுதிப்படியிற் பிறந்தது பெருங்குறையினால் வந்ததாகவும் இருக்கலாம். ஒலியின் அளவைக் கண்டு நோயின் அளவை மதிக்கலாகாது.

முதற்கண் உயிர்க்காப்பு

நோய் நாடுமுன் ஓர் எச்சரிக்கை. இப்பெட்டி கொல்லவல்லது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரும் கொள்ளளவிகள் பல நூறு வோற்று மின்னைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். அதனைத் தக்க தடையியின் வழியாக மெல்ல வடித்து, மானியால் அளந்து, மின் இல்லையென உறுதி செய்த பின்னரே கைவைத்தல் வேண்டும். மின்தொழில் பயின்றவர் அல்லாதார் பெட்டியின் உட்புறத்தை அணுகவே கூடாது. இக்கட்டுரையிற் கூறப்படும் சோதனைகளுள் திறவாமற் செய்யத்தக்கவை பல. அவற்றை யாவரும் செய்யலாம். உள்ளே கைவைக்கவேண்டியவற்றைத் தொழிலறிந்தவரிடம் விடுக. நோயைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த நோயாளி மருத்துவர்க்குப் பாதிவேலையைக் குறைக்கின்றான் அல்லவா?

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் பெரிது. இரண்டு பெட்டிகளை ஒரே மேடையில் இணைத்து வாசிக்கும்போது, அவை இரண்டும் இருவேறு வழியாகப் புவியிணைப்புப் பெற்றிருந்தால் இடையில் ஒரு வளையம் உண்டாகி முரலொலி தோன்றும். இதனை நீக்க எளிய வழியென்று கருதி, செருகியின் புவிக் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் இசைக்குழுவினரிடையே உண்டு. முரல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே ஏதேனும் பழுது நேர்ந்து உலோகச் சட்டத்தில் மின் ஏறுமாயின், அது கித்தாரின் கம்பிகளுக்கும் வரும். ஒரு கை கம்பியில், மறுகை அல்லது உதடு ஒலிவாங்கியில். இடையில் இருப்பது பாடுவோனின் நெஞ்சு.

இது வெறும் அச்சுறுத்தலன்று. ஸ்டோன் த குரோஸ் என்னும் ஸ்கொத்லாந்துக் குழுவின் கித்தார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3ஆம் நாள் சுவான்சி நகர மேடையில், புவியிணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின் தாக்கி மாண்டார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ப், 1976 மே மாதத்தில் தம் வீட்டிலேயே கித்தார் வாசித்துக்கொண்டிருக்கையில் மின் தாக்கி உயிர் நீத்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டிகளில் வேறோர் இடர். அவை பெரும்பாலும் இருமுனைச் செருகி கொண்டவை. ஏறத்தாழ 117 வோற்றுக்கு அமைந்தவை. அவற்றின் உட்புறத்தே மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையில் ஒரு சிறு கொள்ளளவி முரலைக் குறைப்பதற்காகப் பொருத்தப்பட்டிருக்கும். அது பழுதானால் சட்டம் முழுவதும் மின்னேறும். அதனால் தொழிலாளர் அதற்குச் 'சாவுக் கொள்ளளவி' என்றே பெயரிட்டுள்ளனர். அதனை அகற்றி, மூன்று கம்பிச் செருகி பொருத்தி, புவியிணைப்பைச் சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்தல் கட்டாயம். வளையத்தால் எழும் முரலை நீக்கவும் வேறு வழியுண்டு. இரு பெட்டிகளையும் ஒரே மின்பலகையில் இணைக்கலாம். அதிலும் அடங்காவிடின் சைகைக் கம்பியின் இடையில் பிரிப்பு நிலைமாற்றி ஒன்றை வைக்கலாம். புவிக்கம்பியை மட்டும் எக்காரணங்கொண்டும் வெட்டலாகாது.

ஓசைக்குப் பெயரிடுதல்

இனி நோய் நாடுவோம். திருத்துவோரிடம் பெட்டியைக் கொண்டு செல்பவர் பலர், "சத்தம் வருகின்றது" என்று மட்டும் சொல்லி நிற்பர். எத்தகைய சத்தம் என்று கேட்டால் விழிப்பர். ஓசையைச் சுட்டும் சொல்வளம் நம் மொழிக்குக் குறைவா? கறகற, படபட, கிணுகிணு, சளசள என இரட்டைக்கிளவிகள் எத்தனை! பிரித்தாற் பொருள் தராத அச்சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஓசையின் இயல்பை அப்படியே காதுக்குக் காட்டுகின்றன. வகுப்பறையில் மனனஞ் செய்து மறக்கும் அவ்விலக்கணம் இங்கே கைக்கருவியாகின்றது. பெட்டியின் ஓசைகளை அறுவகையாக்கிக் காண்போம்.

முதலாவது, வண்டு போல் இடையறாது ஒலிக்கும் முரல். இது மின்னுணவின் வழியே வருவது. இதனை மேலே விரித்துரைப்போம்.

இரண்டாவது, தொலைவில் மழை பெய்வது போன்ற இரைச்சல். இது தடையிகளிலும் வால்வுகளிலும் பிறப்பது. எப்பொருளிலும் வெப்பத்தால் எலெக்ட்ரன்கள் ஓயாது அலைகின்றன. அவ்வலைச்சலே மெல்லிய இரைச்சலாகின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் இதனை அளந்தார். நைக்குவிஸ்ட் இதற்குக் காரணம் கண்டார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. ஆகவே சிறிது இரைச்சல் எப்பெட்டிக்கும் இயல்பு. அது நோயன்று. அளவு மிஞ்சினாலே, முதற்படி வால்வையும் அதற்கு மின்னூட்டும் பழைய கரித் தடையியையும் ஐயுறவேண்டும்.

மூன்றாவது, பொரியரிசி வெடிப்பது போன்ற கறகறப்பு. தளர்ந்த பற்றாசு, அழுக்கேறிய வால்வுக் குதை, உட்புறம் சிதைந்த தடையி என்பன இதன் பிறப்பிடங்கள். வெள்ளவத்தையில் இது மிகுதி. கடற்காற்றிலுள்ள உப்பு, வீட்டுச் சன்னற் கம்பியை அரிப்பதுபோலவே வால்வின் முட்களையும் அரிக்கின்றது. பெட்டியை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மின்னிணைப்புகளுக்கென விற்கும் துப்புரவு நீர்மத்தால் முட்களைத் துடைத்து மீண்டும் செருகினாலே பாதிப்பெட்டிகள் குணமாகும். மழைக்காலத்தில் மட்டும் கறகறப்பு மிகுமாயின், உறுப்புகள் பொருத்தப்பட்ட அட்டைப்பலகை ஈரம் உறிஞ்சியிருத்தல் கூடும்.

ஒலியளவுத் திருகைத் திருப்பும்போது மட்டும் கறகறப்பது இதன் கிளைவகை. பெரும்பாலும் அத்திருகினுள் படிந்த அழுக்கே காரணம். துடைத்த பின்னும் நீங்காவிடின், முன்னிற்கும் கொள்ளளவி ஒன்று அடைக்கவேண்டிய மின்னை அடைக்காது கசியவிடுகின்றது என்று கொள்க. திருகின்மேற் பழிசுமத்தி அதனை மாற்றுபவர் பலர்; குற்றவாளியோ அருகில் மறைந்திருப்பான்.

நான்காவது, பெட்டியைத் தட்டினால் மணிபோல் கிணுகிணுப்பது. வால்வின் உள்ளுறுப்புகள் தளர்ந்து, அதுவே ஓர் ஒலிவாங்கியாக மாறிவிட்டமை இதற்குக் காரணம். பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு சிறு வால்வையும் மெல்லத் தட்டிப் பார்த்தால் நோயாளி தானே குரல் கொடுக்கும். அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. அதே இனத்து வால்வு பிற்படியிலும் இருக்குமாயின், இரண்டையும் இடம் மாற்றலாம். முதற்படியில் பொறுக்கவியலாத குறை, பிற்படியில் கேளாதொழியும்.

ஐந்தாவது, இயந்திரப் படகு செல்வதுபோன்ற படபடப்பு. படிகளுக்கிடையே மின்னைப் பிரித்துக் காக்கும் கொள்ளளவி செயலிழந்தமையால், பிற்படியின் ஒலி மின்னுணவு வழியே முற்படிக்குத் திரும்பி வந்து சுழல்கின்றது.

ஆறாவது, கீச்சிடும் ஓலம். கம்பிகள் இடம்பெயர்ந்து ஒன்றையொன்று அணுகியிருத்தல் ஒரு காரணம். வெளியீட்டு நிலைமாற்றியைப் புதிதாக மாற்றியவுடன் பெட்டி ஓலமிட்டால், அதன் கம்பிகள் தலைமாறிப் பொருத்தப்பட்டிருக்கக் கூடும்.

கூறுபடுத்தி அறிதல்

பெயரிட்டபின் இடத்தைக் குறுக்குதல் அடுத்த வேலை. சொற்றொடரைப் பகுத்துச் சொல்லாக்கி, சொல்லைப் பகுத்துப் பகுதி விகுதி காண்பதுபோன்றதே இதுவும்.

முதலில் கித்தாரின் செருகியைக் கழற்றுக. ஓசை நின்றுவிட்டதா? பெட்டி குற்றமற்றது; கித்தாரிலோ கம்பியிலோ அறையிலோ பிழை. கித்தாரைக் கையிலேந்தி மெல்லத் திரும்புக. ஒரு திசையில் முரல் கூடி, மறுதிசையில் குறைந்தால், அது காற்றின் வழியே வருவது. அருகிலுள்ள குழல்விளக்கு, விளக்கின் ஒளியைக் குறைக்கும் திருகு, கைப்பேசியின் மின்னேற்றி என்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க. ஒற்றைச் சுருள் கொண்ட கித்தார்களுக்கு இத்தொல்லை இயல்பானது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருளை எதிரெதிராக அமைத்து, இரண்டிலும் நுழையும் முரல் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்தது இத்தொல்லையைத் தீர்க்கவே.

ஓசை நில்லாவிடின், ஒலியளவுத் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவருக. இப்போது ஓசை அடங்கினால் அது திருகுக்கு முன்னே பிறந்தது. அடங்காது அவ்வாறே நின்றால் திருகுக்குப் பின்னே பிறந்தது. ஒரு கைத்திருப்பத்தில் பெட்டியின் ஒரு பாதியைக் குற்றத்திலிருந்து விடுவித்தாயிற்று! பல வாசல் உள்ள பெட்டியாயின், ஒவ்வொரு வாசலுக்கும் இதனைச் செய்து பார்க்க.

அதன்பின் தொழிலறிந்தவர், முதற்படி தொடங்கிச் சிறு வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்பர். எந்த வால்வைக் கழற்றியதும் ஓசை அறுகின்றதோ, அதுவோ அதனைச் சூழ்ந்த உறுப்புகளோ அதன் பிறப்பிடம். இச்சோதனை எதனிலும் ஒலிபெருக்கிக் கூம்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியை இயக்கலாகாது. வெளியீட்டு நிலைமாற்றி எரிந்துபோகும். நெடுநாள் உறங்கிய பெட்டியை எழுப்பும்போதும் நேரே மின் கொடுத்தல் தவறு. பழைய இழைமின்குமிழ் ஒன்றைத் தொடரில் இணைத்துப் பார்ப்பது அனுபவம் உள்ளவர் வழக்கம். குமிழ் பேரொளியோடு எரிந்துகொண்டேயிருந்தால் உள்ளே குறுக்கோட்டம் உண்டு என்பது பொருள்.

ஐம்பதும் நூறும்

முரலை விரித்துரைப்போம் என்றோம். இலங்கையின் வீட்டுமின் 230 வோற்று. விநாடிக்கு 50 தடவை அலைவது. சீராக்கி அதன் இருபுறத்தையும் ஒருபுறமாக மடக்குவதால், சீராக்கியபின் எஞ்சும் அலை விநாடிக்கு 100. ஆகவே முரல் இருவகைப்படும். 50இல் முரல்வது வால்வின் இழையைச் சூடேற்றும் 6.3 வோற்று மின்னிலிருந்தோ, கம்பியின் புவியிணைப்புக் குறையிலிருந்தோ வருவது. 100இல் முரல்வது, அலையை அடக்கவேண்டிய பெருங்கொள்ளளவிகள் வற்றியமையாலோ, இணையாக நிற்கவேண்டிய இரு வலிய வால்வுகள் ஒத்துழையாமையாலோ வருவது.

இவ்விரண்டையும் காதினால் பிரித்தறிவது எங்ஙனம்? அளவுகருவி வேண்டுவதில்லை, கித்தாரே அளவுகோல். சுருதி சேர்த்த கித்தாரின் ஆறாம் கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பி, விநாடிக்கு ஏறத்தாழ 82 தடவை அதிர்வது. அதனை மூன்றாம் கட்டையில் அழுத்தினால் 98. அது 100க்கு மிக அணித்தானது. அச்சுரத்தை மீட்டி, முரலோடு ஒப்பிடுக. முரல் அதனோடு ஏறக்குறைய ஒன்றிப் பாடினால் அது நூறு. அதற்கு ஒரு மண்டிலம் கீழே நின்றால் அது ஐம்பது. இசைஞானம் உள்ள எவரும் இதனைச் செய்யலாம். அமெரிக்க நூல்களிலே 60, 120 என்று எழுதியிருப்பது அந்நாட்டு மின்னுக்கு உரியது, நமக்கு ஆகாது.

கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவன் ஒருநாள், "சேர், அப்பப்பாவின் பெட்டிக்கு வால்வெல்லாம் புதிதாக மாற்றியாயிற்று, இன்னும் முரலுகின்றதே" என்றான். வால்வுகளின் விலையோ சிறிதன்று. ஆறாம் கம்பியைக் கொண்டு பார்க்கச் சொன்னேன். முரல் மூன்றாம் கட்டைக்கு ஒரு மண்டிலம் கீழே நின்றது. திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்ததும் அடங்கியது. பின்னர் அனுபவமிக்க முதியவர் ஒருவர் திறந்து பார்த்தார். இழைமின்னைச் சமன்செய்யும் இரு சிறு தடையிகளுள் ஒன்று கருகியிருந்தது. நூறு ஓம் தடையியின் விலை சில ரூபாய். அது மாற்றப்பட்டதும் பெட்டி அமைதியாயிற்று. கழற்றிய பழைய வால்வுகளில் ஒன்றும் கெட்டிருக்கவில்லை.

கொள்ளளவிகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அவற்றுள் ஈரமான வேதிப்பொருள் உண்டு. காலப்போக்கில் அது வற்றும். சூழல் 10 பாகை வெப்பம் மிகுந்தால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலார் கணக்கு. கொழும்பின் வெப்பத்தில், ஐம்பது அறுபது ஆண்டுக்கு முற்பட்ட கொள்ளளவி நலமாயிருக்கும் என்று எதிர்பார்த்தல் பேராசை. அவற்றை மாற்றுதல் முறையே.

ஏடும் பெட்டியும்

எஞ்சியவற்றையும் மாற்றிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். இங்கேதான் தமிழ் கற்றவர்க்குச் சொல்ல ஒன்று உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். அவர்கள் கைக்கு வந்த ஏடுகளில் புள்ளியில்லை. குறிலும் நெடிலும் வேறுபாடின்றிக் கிடந்தன. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றின. செல்லரித்த இடங்கள் பல. அவர்கள் செய்ததென்ன? பிழை எங்கே, எவர் கையாற் பிறந்தது என்று ஆராய்ந்தனர். எழுதினோன் பிழையை மட்டும் நீக்கினர். செய்யுள் கடினமாயுள்ளது என்று தாமே வேறொன்றைப் பாடி இட்டு நிரப்பினாரல்லர். அவ்வாறு செய்திருப்பின் நமக்குக் கிடைத்திருப்பது பழந்தமிழன்று.

பழைய பெட்டியின் ஒலிநயம் அதன் நிலைமாற்றிகளிலும் கூம்பிலும் சில தடையி, கொள்ளளவிகளின் இயல்பிலும் தங்கியுள்ளது. நோயுற்ற உறுப்பை அறிந்து மாற்றுதல் பதிப்பாசிரியன் பணி. அனைத்தையும் வழித்தெறிந்து புதிது பொருத்துதல், ஏட்டை எரித்துவிட்டுப் புதுநூல் எழுதுவதை ஒக்கும். கழற்றிய உறுப்புகளையும் ஒரு பொதியிலிட்டு, எந்நாளில் எது மாற்றப்பட்டது என்று குறிப்பெழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தல் நல்லது. பின்வருவோர்க்கு அதுவே பாடபேதக் குறிப்பு.

இவ்விதிக்கு விலக்கு ஒன்றே. உயிருக்கு ஊறு செய்யக்கூடிய உறுப்பு எத்துணைப் பழமையானதாயினும் இருத்தலாகாது. இருமுனைச் செருகி, வெடித்த மின்கம்பி, சாவுக் கொள்ளளவி என்பன முதலில் வந்தன என்ற ஒரே காரணத்துக்காகக் காக்கத்தக்கன அல்ல. ஓலையைக் காக்கலாம், ஓலையிலுள்ள செல்லையும் காப்பாருண்டோ?

வால்வுகள் இன்றும் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற முல்லார்ட் ஆலை அவற்றைச் செய்வதை நிறுத்தி நெடுநாளாயிற்று. சிலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இப்போது செய்யப்படுகின்றன. குறைந்து வருவது வால்வன்று. அதனைக் கேட்டறியும் செவியும், திருத்தும் கையும். வானொலிக் காலத்தில் தொழில் பயின்ற முதியவர் சிலரே நம்மிடை உளர். பௌதிகம் பயிலும் மாணாக்கர் அவர்களை நாடிச் சென்று, அருகிருந்து கேட்டு, கற்றதை நல்ல தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். பாடநூலிற் படித்த மீடிறனும் கொள்ளளவியும் அப்போது பரீட்சைச் சொற்களாயிரா. கையிற் பட்ட பொருள்களாகும்.

பழைய பெட்டி உங்கள் வீட்டில் இருக்குமாயின், முரலுகின்றது என்று பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். முரலை நிறுத்தப் புவிக்கம்பியை வெட்டவும் வேண்டாம். முதலில் கித்தாரைக் கழற்றிவிட்டு, திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அமைதியாக அமர்ந்து கேளுங்கள். அது முரலா, இரைச்சலா, கறகறப்பா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளோடு தொழிலறிந்தவரிடம் செல்லுங்கள்.